டயருக்குள் கிடந்த கருப்புத் தூள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு செந்தூலில் எங்கள் டயர் கடையில் நிற்க இடம் இருக்காது. ஊருக்குக் கிளம்பும்போதுதான் பலருக்கும் டயர் ஞாபகம் வரும். போன வருஷம் அப்படித்தான் ஒரு மைவி கார் வந்து நின்றது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள், பூட் நிறையச் சாமான்.

"அண்ணே, பின்னால இடது பக்கம் காத்து நிக்க மாட்டேங்குது. ஒரு சாச்சிங் வச்சு விடுங்க, சுங்கை சிப்புட் போகணும்."

சாச்சிங் என்றால் மலாயில் புழு. ஓட்டையில் செருகுகிற அந்த ரப்பர் திரியைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆணியும் சின்னது, டயரின் நடுவில் இருந்தது. டயர் பூ, அதாவது சாலையில் படுகிற வரிப்பள்ளம், பாதிக்கு மேல் மிச்சம். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓரச்சுவரில் வட்டமாக ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவினேன். விரலெல்லாம் கருப்புத் தூள், அரைத்த மிளகு மாதிரி.

அந்தத் தூள் வெளியிலிருந்து வந்த தூசி இல்லை, அந்த டயரின் ரப்பரேதான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும், உட்சுவர் அரைபடும், உள்ளே இருக்கிற நூல் இழைகள் பலவீனப்படும். அப்புறம் எவ்வளவு காற்று அடித்தாலும் போன பலம் திரும்பாது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். நடுப்பகலில், ஐந்து பேரும் சாமானும் ஏறிய காடி நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் அது வெடிக்கும்.

"இதுக்குச் சாச்சிங் வைக்க மாட்டேன் தம்பி. தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "பூ இன்னும் இருக்கே அண்ணே?"

நான் தூக்கிப் போடுகிற டயர்களில் பல, பூ தேய்ந்து வருவதில்லை. காற்றில்லாமல் ஓடிக் கெட்டு வருகின்றன. அந்தத் தம்பியும் காற்றைப் பார்க்காதவர் இல்லை. தினமும் காலால் ஒரு உதை விட்டுப் பார்ப்பாராம்! ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதனால் காற்றழுத்தம் பத்து பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் கண்ணுக்கும் காலுக்கும் தெரியாது. மீட்டர்தான் சொல்லும். ஆணியே ஏறாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே குறையும்.

எவ்வளவு அடிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கதவு நிலையில்தான் ஸ்டிக்கர் இருக்கும். பல காடிகளில் ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை நம்பி அடிக்கக் கூடாது. பெட்ரோல் நிலைய மெஷின் அழுத்தத்தைக் கேபிஏ என்ற இன்னொரு அளவில் காட்டினால் குழம்ப வேண்டாம்: 230 கேபிஏ என்பது ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. காலையில், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில், டயர் சூடாவதற்கு முன்பு பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. இறக்கினால், டயர் ஆறினதும் குறைந்துதான் நிற்கும். (நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள்.)

தேய்ந்த டயரைக் கையால் தடவினாலே கதை தெரிந்துவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். மேடும் பள்ளமுமாக இருந்தால் குலுக்கலைத் தாங்குகிற அப்சார்பரைப் பார்க்க வேண்டும். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், கோளாறு. இதில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலும் தேய்வது உள் ஓரம். வெளியே பூ பளிச்சென்று இருக்கும், உள்ளே கம்பி தெரியும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பாருங்கள், முன் டயர்களின் உள் ஓரம் தெரியும்.

கோலாலம்பூரில் சாயங்கால மழை பெய்துவிட்டால் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. குழியில் வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு வரும். அடுக்குமாடியில் இடமில்லையென்று நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதி. புடைத்த டயருக்கு ஒட்டு கிடையாது. அதே போல ஆணி ஓரத்திலோ பக்கச்சுவரிலோ ஏறினால் புழுவும் உதவாது. நடுவில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டை என்றால் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதே சரி. நேரம் பிடிக்கும்தான்.

பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். பள்ளத்தின் நடுவே இருக்கும் சின்ன மேட்டின் மட்டத்துக்குப் பூ வந்துவிட்டால் அந்த அளவுதான். நம்மூர் மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். டயர் விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று சிரிப்பார்கள். சரி, சிரிக்கட்டும். பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் அதன் மேல் மிதக்கும், பிரேக் பிடித்தாலும் நிற்காது.

அந்தத் தம்பி கடைசியில் ஒரு டயர் வாங்க ஒத்துக்கொண்டார். மாட்டும்போது, "ஸ்பேர் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "அத நான் தொட்டதே இல்லண்ணே, புதுசு மாதிரி இருக்கும்" என்றார். பின்னால் பூட் கதவைத் திறந்து முறுக்கு டின்னையும் துணிப்பைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினோம். அடியில் கிடந்த ஸ்பேரின் வால்வில் மீட்டரை வைத்தேன். முள் அசையவே இல்லை.