மாநிறத் தோலில் ரோசேசியா: ஒளிந்திருக்கும் சிவப்பும் அதைத் தேடிப் போகும் ஒளியும்

ஒகேனக்கலில் மீன் வறுக்கும் அடுப்பை ஒட்டி நிற்பவர்களுக்கு முகம் கன்றிப்போவது புதிதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் நீராவிக்கு நடுவே நிற்பவர்களுக்கும், கிரானைட் குவாரியில் வெயில் காய்பவர்களுக்கும் அப்படித்தான். அனலை விட்டு விலகியதும் முகம் தெளிந்துவிட்டால் கவலை வேண்டாம். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்த பிறகும் கன்னமும் மூக்கும் திகுதிகுவென்று எரிகிறது, மாதக்கணக்கில் இதே கதை என்றால், ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்கலாம்.

வெளுத்த தோல்காரர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். படம் போட்டுக் காட்டுவதெல்லாம் அவர்கள் முகத்தைத்தானே. நமக்கும் வரும், ஆனால் சட்டென்று கண்ணில் படாது. தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனின் என்ற நிறமி, அடியில் விரிந்து கிடக்கும் ரத்தக்குழாய்களின் சிவப்பை மறைத்துவிடுகிறது. அதனால் மாநிற முகத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ, மங்கிய பழுப்பாகவோ தெரியும். பார்ப்பவர்கள் "வெயிலில் கறுத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கண்ணாடியை விட உணர்வை நம்புவதே நல்லது: குப்பென்று ஏறும் சூடு, எரிச்சல், சோப்போ க்ரீமோ பட்டதும் சுருக்கென்று குத்துவது.

பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல், முகத்தின் நடுப்பகுதியில் இது ஆரம்பிக்கும். கன்னம், மூக்கு, தாடை, நெற்றி. சிலருக்குச் சிறு கொப்புளங்களும் சீழ்ப்பருக்களும் வரும். பருவ வயதில் வரும் முகப்பருவில் இருக்கும் கரும்புள்ளிகள் இதில் இருக்காது. பிரித்தறிய இது நல்ல அடையாளம். மூக்கு மடலோரம் மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரியலாம். ஆண்களில் சிலருக்கு மூக்குத் தோல் தடித்துப் போகும். கண்ணையும் இது விடாது: உறுத்தல், வறட்சி, அடிக்கடி கண்கட்டி.

தோல் மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்துக் கன்னத்தில் அழுத்திப் பார்ப்பார். குழாயில் இருக்கும் ரத்தம் விலகி, தகட்டுக்கு அடியில் தோல் வெளிறும். எடுத்த கணத்தில் நிறம் திரும்ப ஓடி வரும். மங்கு எனப்படும் கருந்திட்டாக இருந்தால் இப்படி வெளிறாது, எரியவும் செய்யாது. கன்னத்தில் படர்ந்து, மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுவைக்கும் தடிப்போடு மூட்டுவலியும் வாய்ப்புண்ணும் இருந்தால் லூபஸ் என்ற வேறு நோயா என்று சோதிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "முகம் பளிச்சுனு ஆகும்" என்று கொடுக்கும் ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் முதலில் முகம் தெளிந்தது போலவே இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, ரோசேசியா மாதிரியே எரியத் தொடங்கும். பூசினால் அடங்கும், விட்டால் பொங்கும். இப்படித்தான் பலர் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். 2018இல் இந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைகளில் அந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வாங்குபவர்களுக்கே தெரியும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

சரி, எரிச்சல் ஏன்? நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரத வாசல் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் அதே வாசல்தான் திறக்கும். 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரோசேசியா உள்ளவர்களின் முகத்தோலில் இந்த வாசல்கள் அதிகம். கொதிக்கக் கொதிக்கக் காரக் குழம்பு சாப்பிட்டால் முகம் பற்றி எரிவது அதனால்தான். வெயில், மது, மனப் பதற்றம், ஓசூரின் மார்கழிக் குளிர்காற்று கூடத் தூண்டிவிடும். இதோடு, தோலின் நோய் எதிர்ப்பு அமைப்பு எல்.எல்-37 என்ற புரதத் துணுக்கை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணிகள் பெருகி அழற்சியைக் கூட்டுகின்றன.

கொப்புளங்களுக்கு மெட்ரோனிடசோல், அசிலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் களிம்புகளும், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையும் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது. விரிந்த குழாய்களை மட்டும் களிம்பால் மூட முடிவதில்லை. ஒளி சிகிச்சைக்கு வேலை வருவது அங்கேதான்.

1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த கொள்கை இதற்கு அடிப்படை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லா ஒளியையும் ஒரே மாதிரி உறிஞ்சாது. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலைநீளம் 542, 577 நானோமீட்டர் அருகே இருந்தால் நன்றாக உறிஞ்சும். அந்த நிற ஒளியைக் கண நேரம் மட்டும், ஒரு துடிப்பாகச் செலுத்தினால் ரத்தம் சூடாகி, அந்தச் சூடு குழாயின் சுவரைப் பழுதாக்கும். பழுதான குழாயை உடல் சில வாரங்களில் கரைத்துவிடும். துடிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில்தான் நுட்பம். களி உருண்டையில் கிள்ளியெடுத்த துண்டு சீக்கிரம் ஆறிவிடும், உருண்டையின் நடுவில் சூடு அப்படியே நிற்கும் இல்லையா? குழாயும் அப்படித்தான். 0.1 மில்லிமீட்டர் குழாய் ஆற ஏறக்குறைய 5 மில்லிசெகண்ட் ஆகும். விட்டம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அந்த நேரத்துக்குள் துடிப்பு முடிந்தால் சூடு குழாயோடு நிற்கும்; மீறினால் சுற்றியுள்ள தோலுக்குப் பரவிவிடும்.

இதற்கென்றே உள்ள பல்ஸ்டு டை லேசர் 585 அல்லது 595 நானோமீட்டரில் இயங்குகிறது. ஐபிஎல் என்பது லேசரே இல்லை; பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளியை வடிகட்டி வைத்துச் செலுத்துகிறது. வழக்கமாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள், நான்கு வார இடைவெளியில். ரப்பர் பேண்டைச் சுண்டியது போன்ற வலி இருக்கும்; கருவியின் சில அமைப்புகளில் கன்றிய தடம் ஒன்றிரண்டு வாரம் நிற்கும்.

இனி நம் தோலுக்கே உரிய சிக்கல். சிவப்பை மறைத்த அதே மெலனின், வரும் ஒளியையும் பாதி வழியில் உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்க்குப் போக வேண்டிய சூடு மேல்தோலில் இறங்கினால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கரும்படையும் மிஞ்சும். அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும் என்பதால், கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைப் பரிசீலிப்பார்கள். அதிலும் ஒரு சங்கடம்: அந்த அலைநீளத்தை ஹீமோகுளோபினும் குறைவாகவே உறிஞ்சும், ஆற்றலைக் கூட்ட வேண்டும், கை தவறினால் வடு விழும். அதனால் காதோரம் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் பொறுத்து, தோலைக் குளிரவைத்தபடியே முகத்துக்குப் போவதுதான் முறை. வெளுத்த தோலுக்கு வைத்த அளவிலேயே ஐபிஎல் அடிக்கும் பார்லர்கள் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். இணையத்தில் விற்கும் சிவப்பு எல்இடி முகமூடிகளால் விரிந்த குழாய் மூடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

வெயிலில் கறுத்த முகத்தில் லேசர் வைக்கக் கூடாது. மாம்பழப் பருவத்தில் தோப்பிலும் மண்டியிலும் அலைபவர்கள் அது முடிந்து, மழைக்காலத்தில் தொடங்குவது நல்லது. கொப்புளங்களை முதலில் மருந்தால் அடக்கிவிட்டு அப்புறம் ஒளிக்குப் போக வேண்டும். நோய் இதனால் ஒழியாது. தூண்டுதல் தொடர்ந்தால் புதுக் குழாய்கள் விரியும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு அமர்வு மறுபடி தேவைப்படலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தோல் நோய்ப் பிரிவுக்குப் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணும் எரிகிறது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கண் மருத்துவரிடம் காட்டுவதை லேசருக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.