ஜீப் ஏறுகிறது சரி, இறங்குமா?

என் கராஜுக்குப் பழைய ஜீப்பைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் குறை எல்லாமே ஏற்றத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது, ரம்பொடை ஏறும்போது சூடாகிறது, ஃபோர் வீல் (நான்கு சக்கர இழுவை) விழமாட்டேன் என்கிறது. இறக்கத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நானாகக் கேட்டால்தான் வரும்: "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே, ரெண்டு தரம் அடிச்சா புடிச்சிக்கும்."

மலை ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு யாரையாவது கூப்பிடலாம். இறங்கும்போது நிற்க மறுக்கிற வண்டியில் அப்படி ஒரு அவகாசம் கிடையாது. செங்குத்தாக இறங்குகிற நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியைத் தெரியாத மலையகத்து டிரைவர் இருக்க முடியாது. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் ஆட்டோவும் சிக்கிய விபத்தில் அங்கே ஏழு பேர் இறந்தார்கள். ஆனால் தோட்டத்துப் பாதையில் ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர்கள் அதைப் பெரிய வண்டிக்காரர்களின் கதை என்றே நினைக்கிறார்கள்.

வண்டிகள் பழசு என்பதைக் குறை சொல்ல வரவில்லை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது, விலையும் எட்டாத உயரத்தில். அதனால் சீரிஸ் லேண்ட் ரோவர், மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப், 4டி56 எஞ்சின் போட்ட பஜேரோ எல்லாம் இன்னும் உழைக்கின்றன. உழைக்கட்டும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அந்த "ரெண்டு தரம்". டிரம் பிரேக்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கிற பிரேக்கில், அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகி நிற்கிறது. முதல் மிதியில் போகிற பிரேக் ஒயில் அந்த இடைவெளியை மூடுவதற்கே சரியாகப் போய்விட, இரண்டாவது மிதியில்தான் ஷூ டிரம்மைத் தொடுகிறது. பழைய லேண்ட் ரோவர்களில் ஷூ தானாகச் செட் ஆகாது. சக்கரத்தின் பின்பக்கத் தகட்டில் இருக்கிற போல்ட்டைத் திருப்பி நாம்தான் செட் பண்ண வேண்டும். அரை நாள் வேலைகூட இல்லை. செட் பண்ணிய பிறகும் மிதி கொழகொழவென்று அமுங்கினால் லைனில் எயார் இருக்கிறது, எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து மிதியை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமலே மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மிதி அழுத்தும்போது ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கெட்டுவிட்டது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கால் ஒன்று போதும்.

மிதியை இலேசாக்குகிற பூஸ்டர் உள்ள வண்டியென்றால் இன்னொன்று. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதி இறுகும் வரை சில தடவை மிதியுங்கள், காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ, வெக்கியூம் ஹோஸிலோ, பம்பிலோ கோளாறு. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அந்த வெக்கியூம் பம்ப் ஒல்டர்னேட்டரின் முதுகில் இருப்பதால், ஒல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியவர் சின்ன ஹோஸைச் சரியாக இறுக்காமல் விட்டாலும் பிரேக் கல்லாகிவிடும். பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்களில் பிரேக் லைன் ஒரே சர்க்கியூட் என்பதையும் மறக்க வேண்டாம். எந்த மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை.

பிரேக் ஒயிலைக் குறைந்தால் ஊற்றுகிற சாமானாக மட்டுமே நம்மவர்கள் பார்க்கிறார்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற ஒயில். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 அளவுக்கு இறங்கிவிடும். டொட் 4இல் அது 230இலிருந்து 155க்கு. நீளமான இறக்கத்தில் மிதியில் காலை வைத்தபடியே வந்தால் டிரம்மின் சூடு ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குப் போகும், ஒயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும். கொஞ்ச நேரம் நின்று ஆறினால் மிதி பழையபடி மேலே வந்துவிடும்! அடுத்த நாள் கராஜுக்குக் கொண்டுவந்து "நேத்து இல்லாம போச்சு, இன்னிக்கு நல்லா இருக்கு" என்கிறார்கள், பார்க்கிறவரும் ஒன்றும் காணாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார். இப்படி ஒரு தடவை நடந்திருந்தால் ஒயில் முழுவதையும் மாற்றுங்கள். நடக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். சரியான பேச்சு. செங்குத்தான தோட்டத்துப் பாதையில் பாரம் ஏற்றியிருந்தால் லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் வண்டியின் மெதுவான கியர் வரிசையில்) இறங்குங்கள், பிரேக்குக்கு வேலையே குறைந்துவிடும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நியூட்ரலில் உருட்டிப் பழகியவர்கள் சிலர் இன்னும் அதை விடவில்லை. கியரில் இறங்கும்போது டீசல் பம்பின் கவர்னர் டீசலை ஏறக்குறைய முழுதாக வெட்டிவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஐட்லிங்கில் குடித்துக்கொண்டே வரும். ஆக மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவருக்குச் சில மிதிகளில் பூஸ்டரும் காலி. இறக்கத்தில் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கிறது, கையால் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. பெயரிங் தேய்ந்தோ, லொக் ஸ்பிரிங் தளர்ந்தோ, எஞ்சின் மவுண்டிங் உட்கார்ந்தோ இருக்கலாம். எதுவானாலும் அதைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

இனி யாருமே பார்க்காத ஒரு சாமான். அக்சல் குழாயின் மேற்பக்கம் விரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும், பிரீதர் என்போம். மண்ணும் ஒயிலும் சேர்ந்து அதை மூடிவிட்டிருக்கும், வேலைக்கு வந்த புதுப் பையனுக்குக் காட்டினால் அப்படி ஒன்று இருப்பதையே நம்பமாட்டான். ஓடும்போது டிப் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல்) சூடாகி உள்ளே காற்று விரியும். பிரீதர் அடைத்திருந்தால் அந்தக் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, ஹப்பின் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கூடவே டிப் ஒயிலும். அந்த ஒயில் போய்ச் சேர்வது பிரேக் டிரம்முக்குள். ஒரு பக்க ஷூ நனைந்துவிட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். கராஜுக்கு வந்தால் சீலை மாற்றுவார்கள், ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போடுவார்கள், பிரீதரைத் தொடமாட்டார்கள், சில மாதத்தில் அதே சக்கரம், அதே ஒயில். ஒயில் ஊறிய லைனரைக் கழுவிப் பயனில்லை, சூடானதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே கசியும், மாற்றத்தான் வேண்டும். அதே பிரீதரால் இன்னொரு சேதமும் உண்டு: சூடான அக்சலோடு ஓடையில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கிய வண்டியென்றால் டிப் ஒயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் அன்றே மாற்ற வேண்டும். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, அடைப்பு எடுத்து மாட்டுவதற்கு எத்தனை நேரம் ஆகிவிடப்போகிறது?

ஃபோர் வீல் விழவில்லை என்று வருகிற வண்டிகளில் பல, முன் சக்கரத்தை அக்சலோடு பூட்டுகிற ஹப்பை லொக் பண்ணாமல் லீவரை மட்டும் இழுத்தவை. கையால் திருப்புகிற ஹப் என்றால் இறங்கிப்போய் இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அடுத்தது, விழுந்த லீவர் திரும்பி வராதது. தேவையானபோது மட்டும் போடுகிற பார்ட் டைம் ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும், நடுவில் டிப் கிடையாது. முடக்கில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓட வேண்டும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும், காய்ந்த கார்பட் (தார்) ரோட்டில் சறுக்க முடியாமல் அத்தனையும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். லீவரைச் சுத்தியலால் தட்டாதீர்கள், நேராகச் சில மீற்றர் ரிவர்ஸ் போனால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று ஓடினாலும் நேர் ரோட்டிலேயே இதே முறுக்கு ஏறும். டிஃபெண்டரைப் போல எப்போதும் நான்கிலும் ஓடுகிற வண்டிக்கு நடு டிப் உண்டு, அங்கே கார்பட் ரோட்டில் டிப் லொக்கைப் போடாமல் இருந்தால் போதும். தானாக லொக் ஆகிற ஹப் உள்ள வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அவற்றில் சில, இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கிற நேரம் பார்த்து விட்டுவிடும். அப்புறம் எஞ்சின் பிடிப்பது பின் சக்கரத்தில் மட்டும்தான்.

சூடாவதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள், அதனால் சுருக்கமாக. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது கொதிக்காமல் இருப்பது மூடி கொடுக்கிற அழுத்தத்தால்தான், எனவே ரப்பர் செத்த மூடி கொழும்பில் தாக்குப்பிடித்தாலும் இங்கே தாக்குப்பிடிக்காது. மூடியை முதலில் மாற்றிப் பாருங்கள், ரேடியேட்டரைப் பிறகு கழற்றலாம். சூடாகிறது என்று தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிகிற மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் காலைக் குளிரில் எஞ்சின் சூடேறவே மாட்டாது, தேய்மானம்தான் கூடும். 4டி56 எஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வெடிப்பது சகஜம், சூட்டு முள் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். அதே எஞ்சினில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத டீசல் நுவரெலியாவில் கரும்புகை விட்டு, கம்பளைக்கு இறங்கியதும் தெளிந்துவிட்டால் அது காற்று மெலிந்ததால் வருகிற புகை. அதற்காக யாரையும் டீசல் பம்பைத் திருக விடாதீர்கள்.

ஹேண்ட் பிரேக் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. லேண்ட் ரோவரிலும் பழைய ஜீப்கள் பலவற்றிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன் பின் அக்சல்களுக்கு இழுவையை அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் பின்னால் பின் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற ஒரு டிரம்மில் இருக்கிறது. சரிவில் டயர் மாற்ற ஒரு பின் சக்கரத்தை ஜக்கில் தூக்கினீர்கள் என்றால், ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையிலிருக்கிற சக்கரம் உருளும், டிப்பின் வேலையே அதுதான். கியரில் விட்டிருந்தாலும் ஃபோர் வீல் போடாத வண்டியில் இதே கதைதான். வண்டி ஜக்கிலிருந்து விழுந்து இறங்கிப் போகும். ஷாஃப்ட்டின் யூ ஜொயின்ட் உடைந்தாலும் ஹேண்ட் பிரேக் இல்லை. ஆகவே ஜக்கை எடுப்பதற்கு முன்னாலேயே தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்கு இறக்கப் பக்கம் கட்டை வையுங்கள். நல்ல மரக்கட்டை இரண்டு சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கட்டும், மழையில் ரோட்டோரக் கல் வழுக்கும்.

சாமான் வாங்குவதில் பணம் இடிக்கும், தெரியும். கியர் பொக்ஸ், டிப், ஸ்டார்ட்டர், கதவு, கண்ணாடி எல்லாம் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமானாகப் பார்த்து எடுக்கலாம், நானே அப்படித்தான் எடுக்கிறேன். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹப் சீல் இவை மட்டும் புதிது. சர்விஸ் ஸ்டேஷனில் துரு பிடிக்காமல் அடியில் வேஸ்ட் ஒயில் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், புதிதாகப் போட்ட ஹோஸும் புஷ்ஷும் அதில் ஊறி உப்பிப்போகும்.