வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப் என்றால் நீர் முகாமைத்துவமா?

போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் இப்படி எழுதியிருந்தது: ‘பிராந்தியக் கைத்தொழில் பங்காளித்துவங்களினூடாக நீர் முகாமைத்துவத்தையும் நிலைபேற்றுத்தன்மையையும் முன்னெடுத்தல்’. பக்கத்துக் கதிரையில் இருந்த தோட்டக்கார ஐயா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தம்பி, இது வாட்டர் போர்ட்டின்ர கூட்டமோ?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழை மட்டும் வாசித்தால் அப்படித்தான் விளங்கும். ஆங்கில வரியில் இருந்ததோ வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப் (water stewardship), அதாவது தண்ணீரைத் தனக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்குமாகப் பார்த்துக்கொள்வது.

இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது முதல் தரமல்ல. ஸ்டூவர்ட்ஷிப் எங்கே வந்தாலும் முகாமைத்துவம் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் மனேஜ்மென்ட்டுக்கு என்ன? அதற்கும் முகாமைத்துவம்தான். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முதலில் சொல்லின் வேர். பழைய ஆங்கிலத்தில் வீடு அல்லது மண்டபத்தைக் குறித்த ஒரு சொல்லும் காவலனைக் குறித்த ஒரு சொல்லும் சேர்ந்து ஸ்டூவர்ட் ஆனது. பிரபுவின் வீட்டையும் களஞ்சியத்தையும் பார்த்துக்கொள்பவர். பன்றிப்பட்டிக் காவலன் என்று சிலர் சொல்லும் கதையை விட்டுவிடலாம். தமிழ் வேதாகமத்தில் இதற்கு உக்கிராணக்காரன் என்ற சொல் இருக்கிறது. உக்கிராணம் என்றால் களஞ்சியம். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எசமான் அவனைக் கூப்பிட்டு, உன் கணக்கை ஒப்புவி என்கிறான். சொல்லின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பொருள் இன்னொருவருடையது. அதைக் கையாளலாம், அனுபவிக்கலாம். ஆனால் ஒருநாள் கணக்குக் கேட்பார்கள்.

முகாமைத்துவத்தில் இந்த இரண்டுமே இல்லை. பம்பை எத்தனை மணிக்குப் போடுவது, தொட்டி எப்போது நிரம்பும், மாதக் கட்டணம் எவ்வளவு என்று ஒழுங்குபடுத்துவது முகாமைத்துவம். அது தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தன் மதிலுக்குள் தண்ணீரை மிக அழகாக முகாமை செய்யும் தொழிற்சாலை, அடுத்த வளவுக் கிணறு வற்றுவதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கலாம்.

இலக்கணத்திலும் அந்தச் சொல் உறுத்துகிறது. முகாமை என்பதே பண்புப்பெயர், அதில் ‘மை’ இருக்கிறது. அதன் வாலில் வடமொழித் ‘துவம்’ எதற்கு? நன்மைத்துவம், பெருமைத்துவம் என்று யாராவது எழுதுவார்களா? சஸ்டெயினபிலிட்டிக்குப் போட்ட நிலைபேற்றுத்தன்மையும் அதே சாதி. நிலைபேறு போதும். பேண்தகு என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது, அதில் ‘பேண்’ இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

தமிழ்நாட்டு மேலாண்மை இதைவிடப் பரவாயில்லையா என்றால், இல்லை. மேலே இருந்து ஆள்வது அது. நம்முடைய தண்ணீர் கீழே இருக்கிறது.

இது பகிடி இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, உவர்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கூட இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்தில் போடும் யூரியா நைத்திரேற்றாகி யாருடைய கிணற்றிலும் தலைகாட்டும். சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கல்லுக்குக் கீழே மதில் இல்லை.

இந்த மதில் விஷயம்தான் ஸ்டூவர்ட்ஷிப்பின் மையம். அலையன்ஸ் ஃபோர் வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப் என்ற சர்வதேச அமைப்பு 2014 இல் தன் முதல் தரநியமத்தை வெளியிட்டது, 2019 இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. தொழிற்சாலை தன் வளாகத்தோடு நிற்காமல் நீரேந்துப் பிரதேசம் முழுவதையும் பார்க்கவேண்டும், அதே தண்ணீரைப் பாவிக்கும் மற்றவர்களோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்கிறது அது. அந்த இரண்டாம் பதிப்பில் ஐந்து படிகள் உண்டு. ஐந்தாவது படி, செய்ததை வெளியே சொல்வது. லூக்காவின் எசமான் கேட்ட அதே கணக்கு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? உக்கிராணத்துவம் என்று ஒரு நண்பர் சொன்னார். தேவாலயத்துக்கு வெளியே அது எடுபடாது, பின்னால் மறுபடியும் ஒரு ‘துவம்’. நீர்ப் பராமரிப்பு என்றால் பம்ப் திருத்துகிறவர் வந்து நிற்பார். நீர்க்காவல் கேட்க நல்லாயிருக்கிறது, மூலச்சொல்லின் காவலனும் அதற்குள் இருக்கிறான். ஆனால் காவல் என்றால் பூட்டு. பாவிக்கவே விடாத சொல் அது. ஸ்டூவர்ட்ஷிப் பாவிக்க விடும்.

நமக்குத் தெரிந்த காட்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டையும் வளவையும் உறவினர் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பொறுப்பெடுத்தவர் தேங்காய் பிடுங்கலாம், கிணற்றில் அள்ளலாம், வெண்டியும் கத்தரியும் போடலாம். வளவை விற்க முடியாது, கிணற்றைத் தூர்க்க முடியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினால், தேத்தண்ணி குடிக்கமுதலே கேள்வி வரும்: “அந்த முன் மாமரம் எங்க?” பிரபுவின் ஸ்டூவர்ட் நிலையும் அதுதான். சொல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பொறுப்பு. ஆகவே வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப் என்றால் நீர்ப்பொறுப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. பொறுப்புக்கூறல் என்ற சொல்லை, போர் முடிந்த 2009க்குப் பிறகு இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கணக்குக் கேட்பதும் பதில் சொல்லாமல் நழுவுவதும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. நீர்ப்பொறுப்பு என்று சொன்னால் அந்த வாசனையும் கூடவே வரும். முகாமைத்துவத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நீர்ப்பொறுப்பாண்மை என்று நீட்டவேண்டும் என்கிறார்கள் சிலர், அப்போதுதான் கலைச்சொல் மாதிரி இருக்குமாம். கலைச்சொல் நீளமாக இருக்கவேண்டும் என்று எந்த இலக்கணம் சொன்னது? கணக்காளரான ஒரு நண்பர் வேறொரு மறுப்புச் சொன்னார். ஐந்தொகையில் (பலன்ஸ் ஷீட்) பொறுப்பு என்றால் கடன் பக்கம், தண்ணீர் சொத்துப் பக்கத்தில் அல்லவா வரவேண்டும் என்றார். கடன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய தமிழில் இதற்குச் சொல் இருந்ததா என்று தேடுகிறவர்கள் தமிழ்நாட்டு உத்தரமேரூருக்குப் போவார்கள். பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில், ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியம் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தெரிவுசெய்யப்பட முடியாது. கருத்து அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் வாரியம் இன்று வெறும் போர்ட் ஆகிவிட்டது. அதைத் தூக்கிவந்தால் தோட்டக்கார ஐயாவின் கேள்வி சரியாகிவிடும்.

பார்ட்னர்ஷிப்புக்குப் போட்ட பங்காளித்துவத்தையும் சும்மா விட மனமில்லை. துலா மிதித்த காலத்திலிருந்தே நமக்குப் பங்குக்கிணறு உண்டு. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். இன்றைக்கு எங்கட முறை, நாளைக்கு உங்கட முறை என்று இறைப்பு நடந்தது, சில நேரம் மண்வெட்டியோடு சண்டையும் நடந்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு பங்காளித்துவம் என்று எழுத எப்படி மனம் வருகிறது? கைத்தொழிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெரிய இயந்திரங்கள் ஓடும் ஆலைக்கும் நாம் வைத்த பெயர் அதுதான். மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முதல்நாள் பின்னேரம் ஆங்கிலத்தைக் கொடுத்து, விடியமுதல் தமிழ் வேண்டும் என்றால் அவரும் கைக்கு வந்த ‘துவ’த்தைத்தான் போடுவார்.

அந்தப் பதாகையை என்னிடம் தந்திருந்தால் இவ்வளவுதான் எழுதியிருப்பேன்: ‘ஊரும் ஆலைகளும் பங்கெடுக்கும் நீர்ப்பொறுப்பு’. பேண்தகு எங்கே என்று யாராவது கேட்டால், பொறுப்புக்குள் அது அடக்கம் என்று சொல்லியிருப்பேன். மிச்ச இடத்தில் அனுசரணையாளர்களின் இலச்சினைகளை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.