பறிமுதலைப் பறிமுதல் என்றே எழுதலாமே

செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் எட்வர்ட் பெனெஷ் 1945 ஜூன் 21 அன்று பிறப்பித்த 12ஆம் ஆணையால் லிச்சென்ஸ்டைன் என்னும் ஐரோப்பியச் சிறுநாட்டை ஆண்ட இளவரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசஃபுக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த நிலங்கள் 'கையகப்படுத்தப்பட்டன' என்று மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்பப் படிக்க நேர்கிறது. இது பிழை. அதற்குரிய சொல் பறிமுதல்.

பறி, முதல் என்னும் இரண்டும் தமிழே. முதல் என்றால் பொருள், உடைமை. பறிமுதலுக்கு நிகரான ஐரோப்பியச் சொல்லான 'கான்ஃபிஸ்கேஷன்', 'ஃபிஸ்கஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கூடையைக் குறித்த அது பணக்கூடையாகி, பேரரசரின் கருவூலமாயிற்று. தமிழிலும் பறி என்பது மீன் பிடிக்கும் கூடைக்குப் பெயர். வேர்த்தொடர்பு இல்லாத தற்செயல் ஒற்றுமைதான் என்றாலும் மனத்துக்கு இனிக்கிறது.

கையகப்படுத்தல் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது, சாலைக்கோ அணைக்கோ அரசு நிலம் எடுப்பதும் அதற்கு இழப்பீடு தருவதுமே. பெனெஷ் ஆணையோ ஜெர்மானியர், ஹங்கேரியர், துரோகிகள் ஆகியோரின் வேளாண் நிலம் உடனடியாக, இழப்பீடின்றி எடுக்கப்படும் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. நாட்டுடைமையாக்கல் என்பதும் பொருந்தாது. அவ்வாண்டு அக்டோபரில் சுரங்கங்களையும் பெருந்தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய ஆணைகள் வேறு, அவை பொதுவாக இழப்பீட்டுக்கு இடமளித்தன. அந்நாட்டுச் சட்டமே பிரித்து வைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் கலக்க வேண்டும்? ஜப்தியும் ஆகாது, அது கடனுக்காகச் செய்வது, கடன் தீர்ந்தால் விலகுவது.

பறிமுதல் என்றால் கொள்ளை என்ற சாய்வு வந்துவிடும் என்பார் உண்டு. கடத்தல் பொருளைக் காவல்துறை பறிமுதல் செய்தது என்று நாள்தோறும் படிக்கும் எவரும் காவல்துறையைக் கொள்ளையராக எண்ணுவதில்லை. அதிகாரத்தால், ஈடு தராமல் எடுத்ததை மட்டுமே அச்சொல் கூறுகிறது. நியாயத்தை வாசகர் தீர்மானத்துக்கு விடுகிறது. நடுநிலையாகத் தோன்றும் சொல்லைத் தேடி உண்மையை மழுக்குவது இன்றைய மொழிபெயர்ப்பில் பரவிவிட்ட கேடு.

கையகப்படுத்தல் என்று படிப்பவர், பின்னர் எழுந்த பூசலை இழப்பீட்டுத் தொகை பற்றியதென்றே கொள்வார். உண்மையில், இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த இறையாண்மை நாடொன்றின் ஆட்சியாளரை 'ஜெர்மானியர்' பட்டியலில் சேர்த்தது செல்லுமா என்பதே வழக்கு. இளவரசர் குடும்பத்திடமிருந்து பறிபோன, டச்சு ஓவியர் பீட்டர் வான் லாரின் ஓவியமொன்று 1991இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் காட்சிக்கு இரவலாக வந்தபோது அவ்வழக்கு ஜெர்மன் நீதிமன்றங்களை எட்டியது. அங்கிருந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும், பின்பு சர்வதேச நீதிமன்றத்துக்கும் சென்றது. தனக்கு அதிகார வரம்பில்லை என்று 2005இல் பின்னது கைவிரித்தது. செக் குடியரசும் லிச்சென்ஸ்டைனும் தூதரக உறவு கொள்ள 2009 வரை ஆயிற்று.