அட்ரிஷன்னா வெளியேற்றமா, தேய்வா?

"இந்த குவார்ட்டர் அட்ரிஷன் ஜாஸ்தி"ன்னு ஹெச்ஆர் சொன்னா, நிறைய பேர் வேலைய விட்டு போயிட்டாங்கன்னு புரிஞ்சுக்கிறோம். ஆனா அந்த சொல்லோட வேர்ல போறது கிடையாது, தேயறதுதான் இருக்கு. லத்தீன்ல 'தெரெரே'ன்னா தேய்க்கிறது, உரசுறது, அதுலேர்ந்துதான் அட்ரிஷன். முதல்ல கிறிஸ்தவ இறையியல்ல, கடவுள் மேல அன்பால இல்லாம தண்டனைக்கு பயந்து படுற அரைகுறை மனவருத்தத்துக்கு அந்த பேரு. அப்புறம் முதல் உலகப்போர்ல (1914-18) எதிரிய கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சே ஒழிக்கிற சண்டைக்கு அது பரவலாச்சு, ஆபீஸ் பேச்சுல அது பின்னாடி வந்த அர்த்தம்.

கணக்கு ஈசி. வருஷ ஆரம்பத்துல 210 பேர், முடிவுல 190, சராசரி 200. நடுவுல 40 பேர் போயி, 20 பேர் புதுசா சேர்ந்திருந்தா, போன 40ஐ சராசரி 200ஆல வகுத்தா அட்ரிஷன் 20 சதவீதம். போனவர் இடத்த நிரப்பாம விட்டாத்தான் அட்ரிஷன், வேற ஆள் போட்டா டர்ன்ஓவர்னு கறாரா பிரிக்கிறவங்களும் உண்டு, நடைமுறைல ரெண்டையும் ஒண்ணாத்தான் பேசுறாங்க.

தமிழ்ல 'பணியாளர் வெளியேற்றம்'னு எழுதுறாங்க, எனக்கு அது ஒட்டல. வெளியேறுன்னா தன்வினை, வெளியேற்றுன்னா பிறவினை, வெளியேற்றம்னா ரெண்டு பக்கமும் அர்த்தம் வருது, கம்பெனியே கழுத்த பிடிச்சு தள்ளுன மாதிரியும் கேக்குது. 'ஆட்குறைப்பு' இன்னும் மோசம், அது லேஆஃப், கம்பெனியே ஆள குறைக்கிறது. 'பணி விலகல்' ஒரு ஆளோட ராஜினாமா. 'தேய்மானம்' அச்சு அசலா பொருந்தும், ஆனா அத அக்கவுண்ட்ஸ்காரங்க டிப்ரிஷியேஷனுக்கு, அதாவது மெஷின் மாதிரி சொத்தோட மதிப்பு வருஷாவருஷம் குறையறதுக்கு, எடுத்துக்கிட்டாங்க. அதனால என் ஓட்டு 'பணியாளர் தேய்வு'க்கு.

ஏன்னா யாரும் ஒரே நாள்ல போறதில்ல. செஞ்ச வேலைக்கு பேர் இன்னொருத்தருக்கு போகுது, கேட்ட லீவு இழுபடுது, அடுத்து என்ன கத்துக்கப்போறோம்னே தெரியல, மேனேஜர் மெயில பாத்தாலே வயிறு கலங்குது, இப்படி மாசக்கணக்கா உள்ள தேஞ்சதுக்கு அப்புறம்தான் ரெசிக்னேஷன் லெட்டர் வருது, பாக்கிறவங்களுக்கு மட்டும் அது திடீர்னு தெரியும். சம்பளம் குறைஞ்சா ஆள் கடுப்பாவார், ஆனா ஏத்திக்கொடுத்தா மட்டும் வேலைமேல பிடிப்பு வந்துடாது, அதுக்கு அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி வேணும்னு அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லயே சொல்லிட்டார்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ரிடென்ஷன், அதாவது ஆள போகாம வச்சுக்கிறது. லத்தீன்ல அது 'பின்னால பிடிச்சு வைக்கிறது'. இத்தன நாள் போக மாட்டேன்னு பாண்ட் எழுதி வாங்குறது, நோட்டீஸ் பீரியட நீட்டுறது, போறேன்னு சொன்னதும் அவசர அவசரமா சம்பளத்த ஏத்தி கவுண்டர் ஆஃபர் நீட்டுறதெல்லாம் அந்த பிடிதான். நம்ம 'தக்கவைத்தல்' இந்த ஒரு விஷயத்துல ஒரு படி மேல. தக்குறதுன்னா நிலைச்சு நிக்கிறது, அவரா நிக்கிற மாதிரி வைக்கணும்.

வேலைய விட்டு போறப்ப எடுக்கிற எக்ஸிட் இன்டர்வியூல ஏன் போறீங்கன்னு கேட்டு என்ன பண்ண, புது ஆபீஸ் ஐடி கார்டு ரெடியாகியிருக்கும். இருக்கிறப்பவே எது பிடிக்குது, எது உறுத்துதுன்னு கேக்கிறதுக்கு ஸ்டே இன்டர்வியூன்னு பேரு. அதுக்குத்தான் நல்ல தமிழ் கிடைக்கல. 'இருப்பு நேர்காணல்'னு போட்டா குடோன்ல ஸ்டாக் எடுக்கிற மாதிரி இருக்கு.