காட்டறிவு ஏட்டுச் சுரைக்காய் ஆகலாமா?

மரவள்ளியைப் பொதுவாக யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டைத் துண்டாக்கிக் கரணை நட்டால் போதும், தாய்ச்செடி எப்படியோ அப்படியே வரும். வசதிதான். ஆனால் தோட்டம் முழுக்க ஒரே அச்சு என்றால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். அமேசான் பகுதியிலும் கயானாவிலும் வாழும் பழங்குடிப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

மரவள்ளி பூத்துக் காய்த்து விதையும் உதிர்க்கும். அந்த விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். பழைய தரிசை மறுபடி வெட்டி எரித்துத் தோட்டம் போடும்போது முளைத்து வெளியே வரும். களை எடுக்கும் பெண்கள் இந்த நாற்றைப் பிடுங்குவதில்லை, விட்டுவைக்கிறார்கள். அறுவடையில் கிழங்கைத் தோண்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அதிலிருந்து கரணை எடுத்து அடுத்த தோட்டத்தில் நடுகிறார்கள். பழைய ரகம் ஒன்றின் சாயல் தெரிந்தால் அதோடு சேர்த்துவிடுவார்கள். புதிதாகத் தெரிந்தால் தனிப்பெயர் கிடைக்கும். அப்புறம் அது மகள், நாத்தனார், அடுத்த ஊர் உறவு என்று கைமாறிப் போகும். ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் ரகம் உருவாக்குபவர்கள் செய்கிற தேர்வு வேலைதான் இது. இங்கே களையெடுப்போடு சேர்ந்து நடக்கிறது, அவ்வளவுதான்.

தாவரங்களையும் மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் விதத்தையும் பதிவு செய்வது என் தொழில். பதிந்துவிட்டால் பாதுகாத்துவிட்டோம் என்ற நினைப்பு எங்கள் துறையில் அதிகம். கரணையை மரபணு வங்கிக்கு அனுப்பலாம், திசு வளர்ப்புக் குப்பியில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். அதெல்லாம் தேவைதான். ஆனால் எந்த முளையைப் பிடுங்கக் கூடாது என்று தெரிந்த கண்ணைக் குப்பியில் போட முடியாது. தோட்டம் போடுவது நின்றால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கண் வராது.

கசப்பு மரவள்ளியையும் சொல்ல வேண்டும். அதை அப்படியே தின்றால் சயனைடு நஞ்சு ஆளைக் கொல்லவும் கூடும். துருவி, நார்ப்பின்னல் குழாயில் அடைத்து, இழுத்துப் பிழிந்து, சாற்றைத் தனியே நெடுநேரம் கொதிக்க வைத்துத்தான் உணவாக்குகிறார்கள். 'நஞ்சு நீக்கிய பின் உண்ணத் தக்கது' என்று தாவரக் கையேட்டில் ஒரு வரி எழுதிவிடலாம். எவ்வளவு பிழிந்தால் போதும், எப்போது கொதிப்பதை நிறுத்தலாம் என்பது அந்த வரியில் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவருக்கே தெரியும்.

காட்டை வெட்டி எரித்துச் சில பருவம் பயிர் செய்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போவதை இடம்பெயர் வேளாண்மை என்கிறோம். எரிப்பது என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். 1957-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் இந்த முறையை வெப்பமண்டல நாடுகளின் முன்னேற்றத்துக்குப் பெருந்தடை என்று எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அதே நிறுவனம் மானுடவியலாளர் ஹரால்ட் காங்க்லினின் ஆய்வையும் வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் வாழும் ஹனுனோ மக்களைப் பற்றியது அது. தீ வைக்கும் முன் தோட்டத்தைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டுகிறவர்கள் அவர்கள். காங்க்லினின் கணக்கில், 1,600-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பவர்கள். அதில் 400-க்கும் மேல் அவர்களே பயிரிடுபவை.

இந்த முறையின் உயிர் தீயில் இல்லை, தரிசு காலத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் சியாபாஸ் காடுகளில் லக்கந்தோன் மக்கள் தரிசில் பால்சா மரத்தை வேண்டுமென்றே வளரவிடுகிறார்கள். சீக்கிரம் வளர்ந்து, பெரிய இலைகளைக் கொட்டி, மண்ணை மீட்டுத் தரும் மரம் அது. வெளியாள் பார்த்தால் கைவிட்ட நிலம். அவர்களுக்கு அது பயிர்ச் சுழற்சியின் பாதி. காட்டில் ஒரு பங்கைத் தோட்ட நிறுவனத்துக்கும் இன்னொரு பங்கைக் காப்பகத்துக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சிய துண்டுக்குள் அவர்களை அடைத்தால் தரிசு விட இடம் ஏது? இரண்டே ஆண்டில் அதே நிலத்துக்குத் திரும்புவார்கள். மண் சலித்துப் போகும். பழி மட்டும் அவர்கள் முறைமேல் விழும்.

ஆகவே காட்டறிவைக் காக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது நில உரிமையைப் பற்றித்தான். அடுத்தது மொழி. 2021-இல் வந்த ஓர் ஆய்வு வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய பகுதிகளின் 236 பழங்குடி மொழிகளில் உள்ள 12,495 மூலிகைப் பயன்களை ஒப்பிட்டது. முக்கால் பங்குக்கும் மேல் ஒரே ஒரு மொழியில் மட்டும் இருந்தவை. அந்த மொழி போனால் செடி காட்டிலேயே இருக்கும், அது எதற்கு என்று சொல்ல ஆள் இருக்காது.

சரி, பதிவே வேண்டாமா? வேண்டும். யாருக்காக என்பதுதான் கேள்வி. அகத்தியமலையில் வாழும் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரின் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1987-இல் ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணிகள், களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு காயைத் தின்றார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதன் இலையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானது. மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் தரும் உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு; இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் எங்களிடம் யார் கேட்டார்கள் என்று பிளாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள். காட்டுக்குள் இலை பறிப்பதற்கும் பயிரிடுவதற்கும் வனத்துறையோடு சிக்கல் வந்தது. பங்கு கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. வழிகாட்டிய சிலர் சொன்னதை ஒரு சமூகமே கொடுத்த சம்மதமாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

பெருவின் மாட்செஸ் மக்கள் வேறு வழியில் போனார்கள். தங்கள் மூத்த வைத்தியர்களின் அறிவை 2015-இல் 500 பக்க மருத்துவக் களஞ்சியமாகத் தொகுத்தார்கள், தங்கள் மொழியில் மட்டும். செடிகளின் அறிவியல் பெயர் கிடையாது, வெளியாருக்கு மொழிபெயர்ப்பும் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு வருத்தம்தான். எனக்கு இதுவரை பார்த்ததில் நேர்மையான ஆவணம் அதுதான்.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. மரபு வளங்களைப் பயன்படுத்திக் கிடைக்கும் பலனை உரியவரோடு பகிர வேண்டும் என்கிற நகோயா நெறிமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. மரபு அறிவைச் சார்ந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பவர், அந்த அறிவு எந்த மக்களுடையது என்று சொல்ல வேண்டும் என்கிற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தம் 2024 மே மாதம் ஏற்கப்பட்டது. ஆனால் களத்தில் நோட்டோடு போய் உட்கார்பவர் நடந்துகொள்வதைச் சட்டம் வந்து பார்க்கப் போவதில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஊர்க்கூட்டத்தில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், தலைவர் தலையாட்டியதோடு நிறுத்தாதீர்கள். ஆண்கள் சொல்லும் மூலிகைப் பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள், களை எடுக்கும் இடத்துக்கும் சமைக்கும் இடத்துக்கும் போங்கள். ஒலிப்பதிவு அவர்கள் மொழியிலேயே இருக்கட்டும், முதல் பிரதி அவர்களுக்குப் போகட்டும். படிவத்தில் 'வெளியிடலாமா' என்று ஒரு கட்டம் போட்டு, செடிக்குச் செடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். அறிக்கையில் ஏன் இத்தனை இடம் காலி என்று மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.