மணலில் மெதுவாக ஓடும் வண்டியில் எத்தனை விளக்கு எரியும்?

ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர மணல் வண்டியாகட்டும், ஜீப்பாகட்டும், மீன் பெட்டி ஏற்றும் லோடு ஆட்டோவாகட்டும், நம் ராமநாதபுரம் கரையோரத்தில் வண்டி கைக்கு வந்த உடனே அதில் எதையாவது கூடுதலாக மாட்டிவிடுகிறோம். முன்னால் இரண்டு ஃபோகஸ் லைட், போன் சார்ஜர், பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர், உயிர் நண்டோ இறாலோ ஏற்றுகிறவர் என்றால் காற்றடிக்கும் சின்ன பம்பு. அப்புறம் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி மோசம் என்று புதிதாக ஒன்று வாங்குகிறோம், அதுவும் சீக்கிரமே போய்விடுகிறது. பெரும்பாலும் பேட்டரிமேல் தப்பே இருக்காது. எஞ்சின் எவ்வளவு கரண்ட் உண்டாக்குகிறது, நாம் எவ்வளவு எடுக்கிறோம் என்கிற கணக்கைத்தான் யாரும் போடவில்லை.

தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊறுகிற வேகத்துக்கு அள்ளினால் குடம் குடமாக நிறைக்கலாம், அதற்குமேல் அவசரப்பட்டால் குழியில் நின்ற தண்ணீரும் தீர்ந்து வெறும் மணல்தான் வரும். குழியில் நிற்கிற தண்ணீர்தான் பேட்டரி. ஊற்று, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயில்.

பெரும்பாலான ஏ.டி.வி.யிலும் பைக்கிலும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் காந்தம் பதித்த ஒரு சக்கரம் சுற்றும், அதற்குள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் அசையாமல் நிற்கும். காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்டதுதான் இங்கே நடக்கிறது. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அழுத்தம், அதாவது எஞ்சின் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் வேகம் கூடக் கூட கரண்டும் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகாது. காயிலில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மாறுமின்சாரம், அதன் அதிர்வெண் ஏறும்போது காயிலே அதற்குத் தடை போடத் தொடங்கும், அதனால் ஓர் அளவுக்கு மேல் ஏற்றம் சமப்பட்டுவிடும். வெளியே வருவதை ரெக்டிஃபயர் நேர்மின்சாரமாக்கி, ரெகுலேட்டர் 14 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்துகிறது. பழைய வகை ரெகுலேட்டர், மிஞ்சும் கரண்டை காயிலுக்கே திருப்பி ஷார்ட் செய்து சூடாக வீணடிக்கும், ஆகவே அந்த வண்டியில் விளக்கை அணைத்தாலும் காயில் சூடாகத்தான் இருக்கும். ஜீப்பிலும் நாலு சக்கர லோடு வண்டிகளிலும் இருக்கும் ஆல்டர்னேட்டர், அதாவது நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது, வேறு ரகம். அதில் நிலைக்காந்தம் கிடையாது, மின்காந்தம்தான். தேவைக்கு ஏற்ப அதன் பலத்தையே கூட்டிக் குறைக்க முடியும் என்பதால் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு தாங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சின்ன ஏ.டி.வி.யில் 200 வாட் சுமாராக உற்பத்தி ஆகும், பெரிய இருவர் உட்காரும் வண்டிகளில் 500 வாட்டும் அதற்கு மேலும் உண்டு. ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் அந்த எண் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, பல வண்டிகள் அதில் பாதிகூடத் தராது. 300 வாட் என்று எழுதிய வண்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பம்பு, இக்னிஷன், இன்ஜெக்டர், ஹெட்லைட் என்று வண்டியின் சொந்தச் செலவே 100 வாட்டைத் தாண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் இன்னொரு 100 போகும். நம் கரையில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. அரிச்சல்முனைக்குப் போகிற தார்ச் சாலையில் ஓட்டினால் எஞ்சின் சுற்றுகிறது, முகத்தில் காற்று அடிக்கிறது, ஃபேனுக்கு வேலையே இல்லை. சாலையை விட்டு மணலில் இறங்கி ஊர்ந்தால், அல்லது மீன் ஏலம் முடியும்வரை லைட்டைப் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டு நின்றால், உற்பத்தி குறைவான அந்த நேரத்தில்தான் சூடேறி ஃபேனும் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது.

காயில் 150 வாட் தருகிறது, செலவு 230 என்றால் மீதி 80 வாட் பேட்டரியிலிருந்து போகும். 12 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 6.7 ஆம்பியர். ஏ.டி.வி.யில் இருக்கும் 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. செல்ஃபுக்காகச் செய்த பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, இப்படி ஆழமாக வடிப்பதை அவை தாங்காது. வடிந்த நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு திரும்பி வராமலே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்வாக நிற்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சினை நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் வேகத்தில் ஓடவிட்டு, மாட்டிய எல்லாவற்றையும் போட்டு, பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் சரி. 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு விளக்கைக் கழற்றுங்கள், அல்லது 55 வாட் ஹாலஜனுக்குப் பதில் 18 வாட் எல்.இ.டி. போடுங்கள். என் கணக்கில் போடும் பணத்துக்கு ஏற்ற பெரிய பலன் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

வயரும் கணக்கில் வரும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 4 மீட்டர் போய் 4 மீட்டர் திரும்பி 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும், ஹாலஜன் விளக்கில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்டோடு நிற்கும். இன்வெர்ட்டர் வைத்து 200 வாட் பொருளை ஓட்டினால் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு அது ஆகாது, ஃபியூஸ் போகும். போன ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைக்கிறார்களே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வயர் உருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பது அதற்கு அப்புறம் போகிற வயரைத்தான். கனமான கரண்ட்டை ரிலே வழியாக, அதாவது சின்ன கரண்ட்டால் இயங்கிப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் வழியாக எடுங்கள், அந்த ரிலேயைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் லைனில் கொடுங்கள்.

அடுத்து உப்பு. கடலை விட்டுத் தள்ளி ஓடும் வண்டிக்கு மேலே சொன்னதே போதும், பாம்பன், தொண்டி, மூக்கையூர் மாதிரி கரையோர ஊர் வண்டிகளுக்குப் போதாது. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும், அதனால் நம் வண்டியில் ஒட்டிய உப்பு வெயிலில் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் முழுசாகக் காய்வதே இல்லை. அந்த ஈரப் படலத்தில், எப்போதும் 12 வோல்ட் நிற்கும் பாசிட்டிவ் இணைப்பு மின்பகுப்பால் கரைந்து பச்சைக் களிம்பாகிறது. கரண்ட் இல்லாத இணைப்பைவிட இது பல மடங்கு வேகமாக அரிக்கும். இரும்புச் சட்டத்தில் திருகிய செம்பு எர்த்தோ, அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் இணைப்போ, இரண்டு உலோகமும் சேர்ந்து உப்பு நீரில் ஒரு குட்டி பேட்டரியாகி, இரும்பு துருப்பிடித்துத் தொடர்பே விட்டுப்போகும். விளக்கு மங்கினால் மெக்கானிக்கிடம் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரையோர வண்டியில் பாடி எர்த்தை நம்பாமல் நெகட்டிவுக்கும் தனி வயரைப் பேட்டரிவரை இழுப்பதே நல்லது. வெள்ளீயம் பூசிய கம்பி கிடைத்தால் வாங்குங்கள், இணைப்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், டேப்பை நம்பாதீர்கள், உள்ளே புகுந்த உப்புத் தண்ணீரை அது வெளியே விடாது.

கடைசியாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மீன் வண்டிகளில் பல அப்போது சும்மா நிற்கும். சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிற ஒரு போன் சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் குடித்தால் நாளுக்கு அரை ஆம்பியர்-மணி, 61 நாளில் 29. லோடு ஆட்டோவின் 32 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதோடு ஒன்றும் மிஞ்சாது. நிறுத்துகிற அன்றே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜரில் போட்டு 12.6-க்குக் கொண்டுவந்து வையுங்கள்.